கோப்பின் நாளும் கோலாலம்பூரின் கடிகாரமும்

ஏட்டுச்சுவடி ஒன்று கைக்கு வந்தால், பயிற்சி பெற்றவர்கள் முதலில் தேடுவது அதன் கடைசி ஓலையைத்தான். நூலைப் பெயர்த்தெழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றையும் பெரும்பாலும் அங்கேதான் குறித்திருப்பார். அந்தக் குறிப்புக் கிடைத்துவிட்டால் காலத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்று மாணவப் பருவத்தில் நாம் எண்ணியதுண்டு. அவ்வளவு எளிதன்று என்பதை ஆசிரியர்கள் பொறுமையாக விளக்கினார்கள். ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர். எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பது தெரியாது. கொல்லம் ஆண்டும் சேர்ந்திருந்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். அப்போதும் அந்த நாள் நூல் பிறந்த நாளன்று. படி எடுத்த நாள். இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் இலக்கிய வரலாற்றில் சில நூற்றாண்டுகளை எளிதாக இடம் மாற்றிவிடுவார்கள்.

இன்று நம் எழுத்துகள் ஓலையில் இல்லை. பெரும்பாலும் தாளிலும் இல்லை. கணினியில் கோப்புகளாக இருக்கின்றன. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாளும் நேரமும் தெரிகின்றன. அதை நேரமுத்திரை என்பர். அந்த முத்திரை எப்படி உண்டானது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை, இரு கோப்புறைகளின் முத்திரைகளைக் கட்டளை வரியில் குறுநிரல் கொண்டு ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறது என்பனவே இவ்வுரையின் பொருள். இது கணினியியலாரின் வேலையல்லவா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் இருந்தோம். ஒரு சொல்லின் பொருளை இழந்த பிறகே இந்தப் பக்கம் திரும்பினோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வழங்கிய தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தோம். லயம், தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை, பால்மரம் போன்ற சொற்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. சொல்லைப் பேசியவர்கள் நகரத்துக் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு வாழ்ந்தார்கள். சொல் குறித்த பொருள்களோ மறைந்துவிட்டன. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்கு அருகில் மகன் வீட்டில் இருந்தார். ஒலிப்பதிவுக் கருவியை வைத்தால் பேசமாட்டார். எடுத்து உள்ளே வைத்தால் இரண்டு மணி நேரம் பேசுவார். ஆகவே அவர் சொன்னவற்றைத் துண்டுத்தாள்களில் குறித்துக்கொள்வதே வழியாக இருந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் அந்தத் துண்டுத்தாள்களை ஊருக்கு எடுத்துச் சென்று, பொதுச் சொற்பட்டியலில் திருத்தங்களாக ஏற்றினார். ஏற்றி முடித்ததும் தாள்களைக் கழித்துவிட்டார். அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாமும் அதையே செய்து வந்தோம். அன்று மாலை சென்னையில் மணி 6.10. அதே நாள் மாலை பிரிக்பீல்ட்சில் நாம் அதே பட்டியலின் பழைய படியைத் திறந்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தோம். அப்போது இங்கே மணி 7.30. அடுத்த வாரம் நண்பர் பென் டிரைவோடு வந்தார். இரு கோப்புறைகளையும் ஒப்பிட்டு, புதியதைக் கொண்டு பழையதை மாற்றும் ஒரு சிறு நிரலை நாமே பெருமையோடு எழுதி வைத்திருந்தோம். அது 7.30ஐயும் 6.10ஐயும் பார்த்தது, 7.30தான் புதியது என்று தீர்ப்பளித்து, நம் பழைய படியை நண்பரின் திருத்தப்பட்ட படிமேல் எழுதியது. ஊர் திரும்பிய நண்பர் அதே நிரலைச் சென்னையிலும் இயக்கினார். அங்கும் அதே தீர்ப்பு.

உண்மையில் சென்னையில் 6.10 என்பது கோலாலம்பூரில் 8.40. பின்னால் சேமிக்கப்பட்டது நண்பருடைய படிதான்.

ஈராண்டு கழித்து அச்சுக்குக் கொடுக்கும் வேளையில்தான் இது தெரியவந்தது. 'பெரட்டு' என்ற சொல் இருந்தது. பிரட்டு என்றும் சொல்வார்கள். விடியுமுன் தொழிலாளர்கள் களத்தில் கூடி வருகை கொடுப்பது. ஆங்கிலத்தின் 'பரேடு' திரிந்து வந்தது என்று பொதுவாகக் கருதப்படுவது. பெரியவர் அந்தச் சொல்லுக்கு வேறொரு வழக்கும் சொல்லி, அதைத் தம் மனைவி எப்படிப் பயன்படுத்துவார் என்று சிரித்துக்கொண்டே விளக்கியது நம் இருவருக்கும் நினைவிருந்தது. சிரிப்பு நினைவிருந்தது, வழக்கு நினைவில்லை. கிள்ளானுக்குப் போனபோது பெரியவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

பிழை எங்கே நேர்ந்தது என்று அறியச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டில், நேரம் என்பது அவ்வாண்டு சனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணப்பட்ட, ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்குகளின் எண்ணிக்கை. 32 இரும இலக்கங்களில் அந்த எண்ணிக்கை இரண்டேகால் ஆண்டுக்குச் சற்று மேலேயே நிரம்பிவிடும். ஆகவே பின்னர் முழு வினாடிகளாக எண்ணத் தொடங்கி, தொடக்கத்தை 1970 சனவரி 1 என நிறுவினார்கள். அதுவும் நிரம்பும். குறி இலக்கத்தோடு 32 இலக்கத்தில் எண்ணும் கணினிகளில் 2038 சனவரி 19ஆம் நாள், நம் கோலாலம்பூர் நேரப்படி முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 வினாடியில் கணக்கு முடிந்துவிடும். வகுப்பறையில் மாணவர்கள் இதைக் கேட்டதும் தம் வயதைக் கணக்கிடத் தொடங்குவது வழக்கம். நாமும் கணக்கிட்டுப் பார்த்தோம். அது இங்கே தேவையில்லை.

இந்த முறையில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. யூனிக்ஸ் சேமிப்பது ஓர் எண்ணை மட்டுமே. அது எந்த ஊரின் நேரமும் அன்று. திரையில் காட்டும்போதுதான் பார்ப்பவரின் ஊர் நேரமாக மாற்றுகிறது. ஒரு கோப்புக்கு அது மூன்று நேரங்களை வைத்திருக்கிறது: உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம், கோப்பைப் பற்றிய விவரங்கள் மாறிய நேரம். மூன்றாவதைப் பலர் 'உருவாக்கிய நேரம்' என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த மூன்றில் உருவாக்கிய நேரமே கிடையாது. பெயர்த்தெழுதியவரின் நாளை நூலாசிரியரின் நாளாகக் கொண்ட அதே பிழைதான் இங்கும் நிகழ்கிறது.

முத்திரைகளை ஒப்பிடும் பழக்கத்துக்கும் ஒரு தோற்றக்கதை உண்டு. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரிடம் உடன் பணியாற்றியவர் வந்து, ஒரு முற்பகல் முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்ததாகப் புலம்பினார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய மூலத்திலிருந்து நிரலை மறுபடி உருவாக்க மறந்துவிட்டார். மூலக்கோப்பின் நேரம் விளைவுக்கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மறுபடி உருவாக்கு என்னும் எளிய விதியை வைத்து ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை எழுதினார். உலகெங்கும் நிரலாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்காக 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் 'மேக்' ஒரே கணினிக்குள், ஒரே கடிகாரத்தை நம்பி ஒப்பிடும் கருவி. அதன் விதியை நாம் இரு நாடுகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தோம்.

மறுபுறம் டாஸ் வகைக் கணினிகளின் 'ஃபேட்' என்னும் கோப்பு முறை வேறு வழியில் வளர்ந்தது. அங்கே ஆண்டு 1980இல் தொடங்குகிறது. நேரத்துக்கு 16 இலக்கங்களே ஒதுக்கப்பட்டதால், வினாடியைக் குறிக்க ஐந்து இலக்கங்களே மிஞ்சின. ஐந்து இலக்கத்தில் 32 வரைதான் எண்ண முடியும். ஆகவே இரண்டு இரண்டு வினாடியாக எண்ணினார்கள். ஒற்றைப்படை வினாடி என்பதே அந்த உலகத்தில் இல்லை. அதைவிட முக்கியம்: ஃபேட் முறை உள்ளூர்க் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதிவைக்கும். எந்த ஊர்க் கடிகாரம் என்பதை எழுதாது. பென் டிரைவ்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் விற்கப்பட்டன. விண்டோஸ் கணினியின் உள்தட்டில் உள்ள என்டிஎஃப்எஸ் முறையோ, 1601ஆம் ஆண்டிலிருந்து உலகப் பொதுநேரத்தில் மிக நுண்ணிய கூறுகளாக எண்ணுகிறது. சென்னைக் கணினியில் ஐயமற்று இருந்த நேரம், பென் டிரைவில் ஏறியபோது ஊர்ப்பெயரை இழந்து வெறும் 6.10 ஆயிற்று. பிரிக்பீல்ட்சில் செருகியபோது நம் கணினி அதை மலேசிய 6.10 என்று படித்தது. அறுபதாண்டுச் சுற்றில் ஆண்டின் பெயர் மட்டும் எழுதி விட்டுச்சென்ற ஓலைதான் நினைவுக்கு வருகிறது.

சென்னைக்கும் நமக்கும் இடையிலான அந்த இரண்டரை மணி எப்போதும் இரண்டரை மணியாக இருந்ததில்லை. கோலாலம்பூரின் கதிரவ நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 46 நிமிடம் 46 வினாடி முன்னே இருக்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் நேரத்தை ஏற்றுக்கொண்டோம். 1905 சூன் முதல் நாளிலிருந்து 105ஆம் நெடுங்கோட்டு நேரம், அதாவது 7 மணி. 1933இல் மாலை வெளிச்சத்தைக் கருதி 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம், ஆக ஏழரை. சப்பானியர் ஆட்சியில் மலாயா முழுவதும் தோக்கியோ நேரத்தில், 9 மணி முன்னே, எழுந்து உறங்கியது. பால்மரம் சீவும் தொழிலாளிக்குக் கதிரவன் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்த காலம் அது. 1945இல் மீண்டும் ஏழரை. பிறகு சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கும் பொருட்டு, 1982 பிறந்த இரவில் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டன. சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. அந்த இரவின் ஓர் அரைமணி நேரம் நம் கடிகாரங்களில் இடம்பெறவே இல்லை. அதற்கு முன் சென்னைக்கும் நமக்கும் இடைவெளி இரண்டே மணி.

இந்த வரலாற்றையெல்லாம் ஓர் அட்டவணை சுமந்திருக்கிறது. கணினிகள் நேரத்தை மாற்றிக் காட்டப் பயன்படுத்தும் உலக நேரவலயத் தரவுத்தளத்தில் 'ஆசியா, கோலாலம்பூர்' என்ற பெயர் உண்டு. 1970க்குப் பிந்திய நேரங்கள் இரு நகரங்களுக்கும் ஒன்றாகவே இருப்பதால், இப்போது அது சிங்கப்பூரின் பதிவைச் சுட்டும் மாற்றுப்பெயராக வைக்கப்பட்டுள்ளது. மனத்தாங்கலாக இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: நம் நகரின் பழைய கணக்கு அழிக்கப்படவில்லை, தனிக்கோப்பு ஒன்றில் இருக்கிறது.

கோப்பு இப்படியென்றால் கோப்புறை இன்னும் நம்பத்தகாதது. பல ஆசிரியர்கள் கோப்புறையின் நாளைப் பார்த்து, 'இது பழையது, அது புதியது' என்று முடிவு செய்கிறார்கள். கோப்புறை என்பது உள்ளே இருக்கும் பெயர்களின் பட்டியல் மட்டுமே. ஒரு பெயர் சேர்ந்தாலோ நீங்கினாலோ மாறினாலோதான் அதன் நேரம் மாறும். உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்து பத்துப் பக்கம் எழுதிச் சேமித்தாலும், சேமிக்கும் மென்பொருள் அதே கோப்பின்மீது எழுதுமானால், கோப்புறையின் நேரம் அசையாது. தற்காலிகக் கோப்பு எழுதிப் பெயர் மாற்றும் மென்பொருளாக இருந்தால் அசையும். கோப்புறைக்குள் கோப்புறை இருந்தால் உள்ளே நடப்பது வெளிக்கோப்புறைக்குத் தெரியவே தெரியாது. 'கிள்ளான்' என்று நாம் பெயரிட்டிருந்த கோப்புறை மூன்றாண்டு ஒரே நாளைக் காட்டிக்கொண்டிருந்தது; அதனுள் நாள்தோறும் வேலை நடந்தது.

படியெடுத்தலிலும் ஒரு விந்தை. விண்டோசில் ஒரு கோப்பைப் படியெடுத்தால், 'உருவாக்கிய நேரம்' படியெடுத்த நேரமாகவும், 'மாறிய நேரம்' மூலத்தின் பழைய நேரமாகவும் அமையும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு! மாணவர்கள் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதுவே நல்ல சான்று. இப்படித் தோன்றும் கோப்பு ஒரு படி, மூலமன்று என்று துணிந்து சொல்லலாம்.

தமிழுக்கே உரிய ஓர் இழப்பையும் இங்கே சொல்லியாகவேண்டும். 1980களின் நடுவில் முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து, இந்நாட்டுத் தமிழர் கணினியில் எழுதி வருகிறார்கள். யூனிகோடு பரவும் வரை ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. 2001 ஆகத்தில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் காலத்திலும் குறியேற்றங்கள் பல வழங்கின. பின்னர் எல்லாரும் தத்தம் பழைய கோப்புகளை மாற்றிக்கொண்டார்கள். மாற்றி என்பது பழையதைப் படித்துப் புதிய கோப்பு ஒன்றை எழுதும் நிரல். ஆகவே 1996இல் எழுதிய கட்டுரை மாற்றிய நாளின் முத்திரையைப் பெற்றது. பழையதை அழித்தபோது பழைய நாளும் போயிற்று. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் ஒரு பக்கத்தில் புதுச்சொல் ஒன்றைக் கண்டால், பக்கத்தின் தலையிலேயே நாள் இருக்கிறது. மலேசியத் தமிழில் ஒரு சொல் எப்போது வழக்கேறியது என்று காட்ட அது போதும். நாளிதழுக்கு இருக்கும் அந்தத் தலைவரி நம் கோப்புகளுக்கு இல்லை. 'இணையம்', 'மின்னஞ்சல்' போன்ற சொற்கள் இங்குள்ளோர் எழுத்தில் நுழைந்த காலத்தைக் கோப்புகளிலிருந்து காட்ட முனையும் ஆய்வு மாணவர், பெரும்பாலும் மாற்றி இயங்கிய நாளையே கண்டுபிடிப்பார்.

இதற்கு ஒரு கட்டளை இருந்தது. யூனிக்சின் 'டச்' என்னும் கட்டளைக்கு ஒரு கோப்பைச் சுட்டிக்காட்டி, அதன் நேரத்தை மற்றொன்றுக்கு இடு என்று சொல்லலாம். மாற்றிய கையோடு அதை ஒரு வரி சேர்த்து இயக்கியிருந்தால் பழைய நாள் புதிய கோப்புக்கு வந்திருக்கும். ஆனால் அதே கட்டளைக்கு நாம் விரும்பும் எந்த நாளையும் கொடுக்கலாம். சங்க காலத்து நாளை இட முடியாதுதான், 1970ஐ இடலாம். போலிச் செப்பேடுகளைக் கண்ட கல்வெட்டறிஞர்கள் எழுத்தமைதியையும் மொழியையும் சேர்த்தே காலம் கணித்தது போல, நேரமுத்திரையும் தனித்து நின்று சான்றாகாது. குறியேற்றம், சொல்வழக்கு, உள்ளே குறிப்பிடப்படும் செய்திகள் ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோடவேண்டும்.

இப்போது நாம் எழுதி வைத்திருக்கும் குறுநிரல் முன்னையதைவிட மெதுவானது, அறிவு குறைந்ததும்கூட. எதையும் எதன்மேலும் அது எழுதாது. முதலில் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் இறங்கி, ஒவ்வொரு கோப்பின் பாதை, அளவு, உலகப் பொதுநேரத்தில் அதன் மாறிய நேரம் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி வைக்கும். யூனிக்ஸ் வகைக் கணினியில் 'ஃபைண்ட்' கட்டளை இதைச் செய்யும். அடுத்து ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடும். ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். இரு பக்கத்து எண்களும் ஒன்றாக இருந்தால் நேரம் எதுவாயினும் கவலையில்லை. எண்கள் வேறாக இருந்தால் மட்டுமே நேரத்தைப் பார்க்கும். அதிலும் இரண்டு வினாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. பிறகு அச்சிட்டுக் கொடுக்கும். எது புதியது என்பதைத் தாளை வைத்துக்கொண்டு நாம்தான் சொல்லவேண்டும்.

ஆயத்தக் கருவிகளும் இந்தப் பள்ளங்களை அறிந்தவையே. ஆசுத்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்செல், பால் மெக்கராசு இருவரும் 1996இல் வெளியிட்ட 'ஆர்சிங்க்' அளவும் நேரமும் ஒத்திருந்தால் கோப்பு ஒன்றே எனக் கொள்ளும். ஃபேட் முறைக்காகச் சில வினாடி விட்டுக்கொடுக்கும் விருப்பமும் அதில் உண்டு. விண்டோசின் 'ரோபோகாப்பி'யில் இரண்டு வினாடிக்கு ஒரு விருப்பமும், மேலை நாடுகளில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதால் நேரும் ஒரு மணி வேறுபாட்டுக்கு ஒரு விருப்பமும் உள்ளன. இரண்டரை மணிக்கு இல்லை. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் பறப்பவர்களை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

பின்னாளில் நண்பர் தம் கணினியின் முழுக் கோப்புறையையும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வெளித்தட்டு ஒன்றில் அனுப்பினார். மாதந்தோறும் அவர் எடுத்து வைத்த காப்புப் படிகளும் அதில் இருந்தன. நம்மிடம் இருந்த பழைய பென் டிரைவோடு அதை ஒப்பிட்டோம். பட்டியல் தாள் தாளாக வந்தது. உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தும் நேரத்தில் சரியாக இரண்டரை மணி வேறுபட்ட கோப்புகள் வரிசையாக நின்றன. அந்த இடைவெளியைப் பார்த்தபோதுதான் நடந்தது என்ன என்று முழுமையாக விளங்கியது. நம் நிரல் அழித்தவற்றில் மூன்று திருத்தங்கள் காப்புப் படிகளிலிருந்து மீண்டன. பெரியவரின் திருத்தங்கள் மீளவில்லை. கடைசிக் காப்புப் படி எடுத்த நாளுக்கும் நண்பர் இங்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட சில நாள்களில் அவை ஏற்றப்பட்டிருந்தன.

சொற்பட்டியலில் 'பெரட்டு' என்னும் பதிவின் கீழ் முதற்பொருள் மட்டும் இருக்கிறது. இரண்டாம் பொருளுக்கு எண் இட்டு, இடம் விட்டிருக்கிறோம். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்களில் யாருக்கேனும் வீட்டில் கேட்க வாய்ப்பிருந்தால், கேட்டதைத் தாளிலும் எழுதி, கேட்ட நாளையும் ஊரையும் அதன் மேலே குறித்து மன்றத்துக்கு அனுப்பலாம்.